முப்பத்தொரு சூசையும் ஷெர்லியின் சீட்டும்

ஷெர்லியின் கணவன் ஜினோவிடம் ஒரு வேலையைச் சொன்னால் உடனே செய்துவிடுவான். சிக்கலே அதுதான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடுப்படியிலிருந்து ஷெர்லி, "மழை வருகது, வெளிய கெடக்கதெல்லாம் எடுத்து உள்ள வையுங்க" என்று குரல் கொடுத்தாள். ஜினோ படகு எஞ்சின் மெக்கானிக். நல்ல உடற்கட்டு. அரை மணி நேரத்தில் துணிகள், விறகு, வலை மூட்டை, பக்கத்து வீட்டு ஆடு, எதிர்வீட்டு ஸ்கூட்டர், தெருமுனையில் கட்டியிருந்த கால்பந்துப் போட்டி பேனர் எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டன. ஆடு கட்டிலில் நின்றது. ஜினோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு ஆட்டோ கெடக்கு, சாவி இல்ல" என்றான்.

அன்றைக்கு ஷெர்லி சண்டை போடவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். இவன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. கேள்வி கேட்கத் தெரியாதவன், அவ்வளவுதான். அப்படியானால் சொல்கிறவள்தான் சொல்லும் முறையை மாற்ற வேண்டும். மறுநாளிலிருந்து சீட்டு எழுத ஆரம்பித்தாள். அதில் ஒன்றை ஜினோ இன்றும் பர்சில் வைத்திருக்கிறான், நானே பார்த்தேன். "மீன் வாங்க. எப்போது: அப்பாவின் வள்ளம் கடலுக்குப் போகாத நாளில் மட்டும். எது: சாளை. சாளை இல்லையென்றால் நெத்திலி. இரண்டும் இல்லையென்றால் சும்மா திரும்பி வரவும். சும்மா திரும்பி வருவது தப்பில்லை. எவ்வளவு: நாம் மூன்று பேர், ஊர் அல்ல. யாராவது 'மொத்தமா எடுத்துக்கோ' என்றால் உடனே என்னைக் கூப்பிடவும்."

இந்தச் சீட்டைப் படித்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினாலு வருஷம் மஸ்கட்டில் ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாபேசை மேய்த்துவிட்டு வந்தவன் நான். பெயர் செல்வதாஸ், ஊர் நெய்யூர்ப் பக்கம். நாகர்கோவிலில் இரண்டு அறையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறேன். என் வேலையை எனக்குச் சொல்லித்தர இந்த ஜில்லாவில் ஆள் இல்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஷெர்லி சூசைத்துறைக் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு அலுவலகத்தில் எழுத்தர். கடலோரத்தில் சின்ன ஊர், பெரிய கோவில், புனித சூசையப்பர்தான் ஊருக்குக் காவல். ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு ஆண்பிள்ளைக்குத் திருமுழுக்கில் சூசை என்று பேர் வைத்துவிடுவார்கள். பிறகு ஷிஜின், அபின் என்று எதையாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் கோவில் புத்தகத்தில் அவன் சூசைதான். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது வேறு வழக்கம், அதனால் அந்தோணி மகன் சூசை, சூசை மகன் அந்தோணி என்று தலைமுறை தலைமுறையாக மாறி மாறிப் போகும். யார் எந்தச் சூசை என்று பிரித்தறிய ஊரில் ஒரே வழி பட்டப்பேர். நண்டு சூசை, டார்ச் சூசை, கொழுக்கட்டை சூசை. பட்டப்பேர் வீட்டுக்கே சொந்தம். அப்பன் நண்டு என்றால் பிள்ளையும் நண்டு.

அந்தப் பங்கின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. ஆரம்பத்திலேயே ஷெர்லி சொன்னாள்: "சாரே, பட்டப்பேருக்கு ஒரு கட்டம் போடணும் கேட்டியளா. அது இல்லாம ஒண்ணும் நடக்காது."

"கோவில் ஆவணத்தில் கொழுக்கட்டை என்று எழுதுவதா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டு, நான் அந்தக் கட்டத்தைப் போடவில்லை.

பிறகு அதோடு ஒரு ஏஐ ஏஜெண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். பங்குச் சாமியார் போனில் பேசினால் போதும், அது பதிவேட்டைப் பார்த்து வேண்டியதைச் செய்யும். செய்வதற்கு அதன் கையில் சில கருவிகள் கொடுத்திருந்தேன். தேட ஒன்று, திருத்த ஒன்று, அச்சடிக்க ஒன்று என்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏஜெண்ட் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்யும். எனக்கோ எழுதுவது என்றாலே வேப்பங்காய். இரண்டு பதிவை ஒன்றாக்கும் கருவிக்கு நான் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: "இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும்." தவறு நேர்ந்தால் திரும்பப் பெறும் கருவிக்கு: "பழையபடி ஆக்கும்." எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நவம்பர் முதல் வாரம். ஷெர்லியின் தம்பி ஷிஜின் கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தான். பக்கத்துப் பங்கிலிருந்து அபினா என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இரண்டு பங்குகளிலும் பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அறிவிப்பதுதான் ஓலை. இந்த ஞாயிறு முதல் ஓலை விழுந்தால் மூன்றாவது முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலத்துக்கு முன்பே தாலி கட்டிவிடலாம். ஒரு வாரம் தள்ளினால் திருவருகைக் காலம் வந்துவிடும். அதில் இங்கே கல்யாணம் வைப்பதில்லை. அது முடியும் முன் டிசம்பர் பத்தாம் தேதி ஷிஜினுக்கு விமானம். திரும்பி வர இரண்டு வருஷம். அபினா வீட்டில் இரண்டு வருஷம் காத்திருக்கிற ஆட்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாமியார், நல்ல மனுஷன், போனை எடுத்து ஏஜெண்டிடம், "அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஒழுங்காக்கி வையப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். ஏஜெண்ட் பட்டியலைத் திறந்தது. சூசை, சூசை, சூசை என்று முப்பத்தொரு பேர். கையில் "இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும்" என்றொரு கருவி. ஜினோ ஆட்டைக் கட்டிலில் ஏற்றிய அதே சுறுசுறுப்போடு, நாலு வினாடியில் முப்பத்தொரு சூசையையும் ஒரே சூசையாக்கிவிட்டது. பிறகு அடுத்த வேலையையும் விடவில்லை. ஷிஜினுக்கான சான்றிதழை அச்சடித்துப் பெண்வீட்டுப் பங்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷெர்லியின் போன் அடித்தது. அபினாவின் அம்மா மரியதங்கம்.

"ஏட்டி ஷெர்லி, ஒனக்க தம்பிக்கு எத்தன பெண்டாட்டி?"

"இதென்ன கேள்வி மாமி? ஒங்க மகளத்தானே கெட்டப்போறான்."

"பின்ன இந்தக் கடுதாசியில இருவத்தாறுன்னு போட்டிருக்கே. பிள்ளைய எழுவத்தி நாலு. அது போகட்டு. ஒம்பது தடவ செத்திருக்கான்னு இருக்கு, அது எப்பிடி?"

இருபத்தாறு பெண்டாட்டியைக்கூட அந்த அம்மாள் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டாள். ஒன்பது சாவுதான் அவளுக்கு ஒத்துவரவில்லை.

"மாமி, அது கம்ப்யூட்டருக்க தப்பு."

"கம்ப்யூட்டரோ என்னவோ. நாளைக்கு ஒங்க பூசைக்கு நான் வருவேன். ஓலைய எனக்க காதால கேக்கணும். கேக்கலேன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டிருவோம்."

பத்தரை மணிக்கு நான் சூசைத்துறையில் இருந்தேன். காப்புப்பிரதியிலிருந்து எடுத்துவிடலாம் என்று தைரியமாகப் போனேன். ஆனால் தினம் காலை ஆறு மணிக்குப் பழைய காப்பை அழித்துப் புதிய காப்பு எழுதும்படி ஒரு புத்திசாலி ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அந்தப் புத்திசாலி நான்தான். காப்பிலும் ஒரே சூசை. பழைய காகிதப் பதிவேடுகளைப் பார்க்கலாம் என்றால் அவை பைண்டிங்குக்குப் போய், நாகர்கோவில் கடையில் தாள் தாளாகப் பிரிந்து கிடந்தன.

"பயப்படாதே. திரும்பப் பெறும் கருவி இருக்கிறது" என்று சொல்லி ஏஜெண்டிடம், "பழையபடி ஆக்கு" என்றேன்.

ஆக்கியது. எவ்வளவு பழையது என்று நான் எழுதி வைக்கவில்லையே. மூன்று வருஷத்துக்கு முன் மாற்றலாகிப் போன பழைய சாமியார் மறுபடி சூசைத்துறையின் பங்குத்தந்தை ஆனார். ஐந்து நிமிஷத்தில் அவருக்கு வரவேற்பு அறிவிப்பும் அச்சாகி வந்தது. இப்போதைய சாமியார் அதை எடுத்துப் படித்துவிட்டு, "எனக்கு எங்கே மாற்றல் என்று ஏதாவது சொல்லியிருக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மடத்தனமான ஏஜெண்ட்!" என்று மேசையைத் தட்டினேன்.

ஷெர்லி என் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். "சாரே, நீங்க இதுக்கு என்ன எழுதிக் குடுத்திருக்கிய, காட்டுங்க."

காட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள். கீழே இன்னும் இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள். இல்லை.

"இவ்வளவுதானா?"

"வேறு என்ன எழுத வேண்டும்? அதற்கே புரியாதா?"

"புரியாது சாரே. இது எனக்க மாப்பிள மாதிரியாக்கும். இத ஏசப்பிடாது." அப்போதுதான் ஜினோவை அழைத்து அந்த மீன் சீட்டை எனக்குக் காட்டச் சொன்னாள். ஜினோ பர்சைத் திறந்து, புனிதர் படம் போலப் பத்திரமாக எடுத்து நீட்டினான். நான் படித்தேன். மஸ்கட்டில் பதினாலு வருஷத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் சும்மா திரும்பி வருவது தப்பில்லை என்று ஒரு வரி கிடையாது. வெட்கமாகத்தான் இருந்தது.

"நான் கையாலேயே சரிசெய்துவிடுகிறேன்" என்றேன், மானத்தைக் காப்பாற்ற.

"இன்னைக்கு நீங்க சரியாக்குவிய. நாளைக்குச் சாமி ஒழுங்காக்குன்னு சொன்னா மறுபடி எல்லாரையும் சேத்துப் போடும். மொதல்ல சீட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினொன்றேகாலுக்குத் தொடங்கியவள் ஒரு மணிக்கு எழுந்தாள். முதலில் அவள் சொன்ன பட்டப்பேர்க் கட்டத்தை நான் வாயைத் திறக்காமல் சேர்த்துக் கொடுத்தேன். சேர்க்கும் கருவிக்கு அவள் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்:

"ஒரே ஆளை இரண்டு முறை எழுதியிருந்தால் அதை ஒன்றாக்க இந்தக் கருவி. பேர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிட மாட்டார். இந்த ஊரில் கல்லெறிந்தால் ஒரு சூசை மேல் விழும். அப்பா பேர், பிறந்த தேதி, பட்டப்பேர் மூன்றும் ஒத்திருந்தால் மட்டும் எடுக்கவும். அப்போதும் செய்யுமுன் இரண்டு பதிவையும் காட்டி ஷெர்லியிடம் கேட்கவும். ஒரு ஆளுக்கு இரண்டு மனைவி வந்தால் அங்கேயே நிறுத்தவும். செத்தவரையும் உயிரோடு இருப்பவரையும் சேர்க்கவே கூடாது. சாமி 'ஒழுங்காக்கு' என்று சொன்னால் இந்தக் கருவியை எடுக்காதே. அவர் மேசையைச் சொல்லியிருப்பார், எதை என்று கேள். தெரியவில்லை என்று சொல்வது தப்பில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் தப்பில்லை."

அச்சடிக்கும் கருவிக்கு எழுதினாள்: "பட்டப்பேர் இல்லாமல் யாருடைய காகிதத்தையும் அச்சடிக்காதே. யாராக இருந்தாலும் சரி. இல்லையென்றால் ஷெர்லியைப் போனில் கூப்பிடு."

திரும்பப் பெறும் கருவிக்கும் எதை, எந்த நாள்வரை, யார் சொன்னால் என்று விவரமாக எழுதினாள். அதன் பிறகு ஏஜெண்ட் முதல் வேலையாகப் பழைய சாமியாரை அவருடைய புதிய பங்குக்கே அனுப்பி வைத்தது. பிறகு முப்பத்தொரு சூசையையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் எல்லாரும் ஒண்டிக்கட்டையாக வந்தார்கள். மனைவிமார் இருபத்தாறு பேரும் பிள்ளைகள் எழுபத்து நாலு பேரும் தனியே ஒரு மூலையில் நின்றார்கள். யார் யாருடையவர் என்பது சேர்த்தபோதே அழிந்துவிட்டது. அப்போது ஏஜெண்ட் திரையில் எழுதியது: "இவர்களில் யார் யாருடைய குடும்பம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறேன்."

ஷெர்லி அதை வாய்விட்டு வாசித்துவிட்டு ஜினோவைப் பார்த்தாள். "பாத்தியளா? ரெண்டு மணிக்கூர்ல படிச்சிற்று."

கோவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போயிற்று: சூசை என்று திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் உடனே பங்கு அலுவலகத்துக்கு வரவும். உயிரோடு இருந்தவர்கள் இருபத்திரண்டு. அதில் ஷிஜின் ஏற்கெனவே வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேர் கிரிக்கெட் மட்டையோடு வந்தார்கள். கடற்கரையில் மீன் ஏலம் நின்றுவிட்டது. கூறியவர் சூசை, கேட்டவர் சூசை, எடைபோட்டவரும் சூசை. வரிசையில் நின்று ஒவ்வொருவரும் பட்டப்பேரைச் சொல்லித் தம் பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

"நண்டு சூசை. பெண்டாட்டி பேரு புஷ்பம்" என்றார் முதல் ஆள்.

"பிள்ளைய?"

"நாலு. இல்ல, நில்லு, அஞ்சு."

மூன்றாவதாக வந்த டார்ச் சூசை திரையில் இருந்த இருபத்தாறு பேரையும் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார். "எதயும் எடுக்கலாமா, இல்ல அவளத்தான் எடுக்கணுமா?" என்று கேட்டார். பின்னாலேயே வந்திருந்த அவர் மனைவி தலையில் ஒரு குட்டு வைத்து, "என்னத்தான் எழுது மக்கா" என்று ஷெர்லியிடம் சொல்லிவிட்டுப் போனாள். செத்த ஒன்பது சூசைகளுக்கும் அவரவர் வீட்டார் வந்து சாட்சி சொன்னார்கள். எந்த இடத்திலும் ஏஜெண்ட் தானாக ஒன்றும் செய்யவில்லை. கொழுக்கட்டை சூசைக்கு ஒரு பிள்ளை கூடுதலாக வந்தபோது அங்கேயே நிறுத்திக் கேட்டது. அது நண்டின் ஐந்தாவது பிள்ளை.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஷெர்லி கையை உதறிவிட்டு, "இனி எனக்க தம்பிக்க ஓலைய அடி" என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள். ஏஜெண்ட்தான், எதிரே இருந்த கம்ப்யூட்டரிலிருந்து; எல்லாருக்கும் கேட்டது. "வணக்கம் ஷெர்லி. மணமகன் சூசை என்கிற ஷிஜினுக்குப் பட்டப்பேர் பதிவாகவில்லை. உங்கள் குறிப்பின்படி அச்சடிக்க முடியாது. உங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள்."

ஊரில் இருக்கிற எல்லாச் சூசைக்கும் பட்டப்பேரை ஏற்றியவள் தன் வீட்டுக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஷெர்லியின் முகம் சிவந்தது. ஷிஜின் சுவரைப் பார்த்தான்.

"அது... ஓட்டவள்ளம்" என்றான் ஜினோ. யாராவது கேட்டால் பதில் சொல்லிவிடுவானே.

ஷெர்லிக்கு ஆறு வயதில் அவள் அப்பா முதல் பைபர் வள்ளம் வாங்கினார். விற்றவன், "எல்லாம் ரெடி, கடல்ல எறக்கினா போதும்" என்றான். அன்றைய சாமியார் வள்ளத்துக்குள்ளேயே நின்று தீர்த்தம் தெளித்தார். மேளத்தோடு இறக்கினார்கள். அடியில் ஒரு ஓட்டை உண்டு, அதற்கு ஒரு அடைப்பும் உண்டு, இறக்குமுன் அதை மாட்ட வேண்டும் என்று விற்றவன் சொல்லவில்லை. இருபது அடி போனதும் வள்ளம் உட்கார்ந்துவிட்டது. சாமியாரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து ஓட்டைவள்ளம் வீடு. பள்ளிக்கூடம் முடியும்வரை அந்தப் பேரைக் கேட்டு ஷெர்லி அழாத நாள் குறைவு.

"இதற்கென்ன? குறிப்பில் அந்த ஒரு வரியை நான் அழித்துவிடுகிறேன். அச்சடித்ததும் திரும்பப் போட்டுவிடலாம்" என்றேன். உண்மையாகவே அவளுக்காக வருத்தப்பட்டேன். நாளைக்குச் சம்பந்தி முன்வரிசையில் இருப்பாள். நேற்றுதான் மாப்பிள்ளை ஒன்பது தடவை செத்தவன் என்று காகிதம் போயிருக்கிறது. இன்று இது வேறு.

ஷெர்லி என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "யாராக இருந்தாலும் சரின்னு நாந்தானே எழுதினேன்" என்றாள். "நண்டுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? வேண்டாம் சாரே." ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அச்சு இயந்திரம் ஓலையைத் தள்ளியது. அவள் அதைக் குப்புற வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். நான் வேறு சபைக்காரன், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மரியதங்கம் இரண்டாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாமியார் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்: "ஓட்டைவள்ளம் வீட்டு அந்தோணி மகன் சூசை என்கிற ஷிஜினுக்கும்..." கோவில் முழுக்கச் சிரிப்பு. இருபத்தோரு சூசையும் சிரித்தார்கள். ஷெர்லி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்றபோது யாரும் சொல்லவில்லை. ஆனால் மரியதங்கத்தின் முதுகு மட்டும் அசையவே இல்லை.

பூசை முடிந்ததும் அந்த அம்மாள் நேராக அலுவலகத்துக்கு வந்தாள். ஷெர்லி எழுந்து நின்றாள். ஜினோ பயத்தில் தன் பர்சைத் திறந்து சீட்டுத் தேடினான். இதற்குச் சீட்டு இல்லை.

"மாமி, அது வந்து..." என்று தொடங்கினாள் ஷெர்லி.

"நீ பேசாத. ஒனக்க வீட்டுப் பேர நீயே போட்டியா?"

"ஆமா மாமி."

மரியதங்கம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க ஒங்ககிட்ட எங்க வீட்டுப் பேரு 'பெரியவீடு'ன்னு சொன்னோம்லா. அது நாங்களா வச்சது. ஒரு பக்கத்துக்கு மட்டும் நாணக்கேடு வேண்டாம் மக்ளே. அடுத்த ஓலையில எங்க பேரயும் ஒழுங்காப் போடு."

"என்ன பேரு மாமி?"

"கருவாட்டுக்கள்ளன் வீடு."

ஷெர்லி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.